குறித்த இடம் காணாமல் போனால்: புக்மார்க் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

நீண்ட ஆவணத்தில் ஒரு பத்தியைக் குறித்துவைத்துவிட்டு மறுநாள் திறந்தால் முதல் பக்கம்தான் வருகிறது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்தில் உயர்தர மாணவர்களும் வெளிவாரிப் பட்டத்துக்கு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களும் கொண்டுவரும் கணினி முறைப்பாடுகளில் இந்த வகைதான் அதிகம். உடனே வைரஸ் என்று பதறுகிறார்கள், அல்லது மென்பொருளை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். இரண்டுக்கும் தேவையே இல்லை.

எந்தக் குறியும் மூன்றில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்று, கோப்பு அல்லது இணையப் பக்கத்தின் முகவரி. இரண்டு, அதற்குள் இருக்கும் ஓர் எண் அல்லது பெயர்: பக்க எண், தலைப்பு, வேர்டில் நீங்களே வைத்த பெயர். மூன்று, அந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கும் சொற்கள். குறி தவறினால் இவற்றில் எது மாறியது என்று முதலில் கேளுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்தக் கேள்விக்கான பதில்தான்.

உதாரணங்களை ஒரே தலைப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்: மலையகத் தமிழரின் குடியுரிமை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் ஆகியவற்றை நம் பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தேடுகிறார்கள். ஸ்கேன் செய்த பழைய நூல், பாமினி எழுத்துருவில் அச்சான அறிக்கை, மூன்று மொழிகளில் மூன்று கோப்புகளாக வரும் சட்டம் என்று எல்லாக் கோளாறுகளும் இந்த ஒரு தலைப்பிலேயே கிடைத்துவிடும்.

## புக்மார்க் திறக்கிறது, ஆனால் பக்கத்தின் தலையிலேயே நிற்கிறது

உலாவியில் நட்சத்திரக் குறியை அழுத்தினாலும், கன்ட்ரோல் விசையுடன் டி எழுத்தை அழுத்தினாலும், சேமிக்கப்படுவது அந்தப் பக்கத்தின் முகவரி மட்டுமே. நீங்கள் எதுவரை வாசித்தீர்கள் என்பதை அது எழுதிவைப்பதில்லை. தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதிய கடிதம் தோட்டத்து அலுவலகம் வரை வரும், லயத்து வாசலுக்கு வராது, இதுவும் அப்படித்தான். மென்பொருள் பழுதாகவில்லை. முகவரி போதவில்லை.

முகவரியை நீட்ட இரண்டு வழிகள் உண்டு.

பக்கத்தில் உள்ளடக்கப் பட்டியல் இருந்தால் முதல் வழி போதும். விக்கிப்பீடியாக் கட்டுரையில் பட்டியலில் உள்ள ஒரு தலைப்பைச் சொடுக்குங்கள். முகவரியின் கடைசியில் # குறியும் அந்தத் தலைப்பும் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு நட்சத்திரத்தை அழுத்துங்கள். இதில் ஒரு பலவீனம் இருக்கிறது. யாராவது அந்தத் தலைப்பைத் திருத்தி எழுதினால் குறி அறுந்துவிடும், பக்கம் பழையபடி தலையில் திறக்கும். ஆய்வுக் கட்டுரைக்கு மேற்கோள் காட்டுவதானால் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்குப் போய், நீங்கள் வாசித்த திகதியின் பதிப்பைத் திறந்து, அந்த முகவரியை எடுங்கள். பிறகு யார் திருத்தினாலும் அந்தப் பதிப்பு அப்படியே இருக்கும்.

பட்டியல் இல்லாத பக்கங்களுக்கு இரண்டாவது வழி. வேண்டிய சொற்களைத் தெரிவுசெய்து, வலது பொத்தானை அழுத்தி, 'கொப்பி லிங்க் டு ஹைலைட்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். கிடைக்கும் இணைப்பைத் திறந்தால் பக்கம் நேரே அந்தச் சொற்களுக்கு வந்து, அவற்றை நிறமிட்டுக் காட்டும். குரோம் இத்தகைய இணைப்புகளை 2020 பெப்ரவரியில் வந்த 80ஆவது பதிப்பிலிருந்து புரிந்துகொள்கிறது. சபாரியில் 16.1இலும், பயர்பொக்ஸில் 2024 ஒக்டோபரில் வந்த 131இலும் இந்த வசதி சேர்ந்தது. இணைப்பை எடுத்ததும், ஏற்கெனவே இருக்கும் புக்மார்க்கை 'எடிட்' செய்து, முகவரிக் கட்டத்தில் இதை ஒட்டிவிடுங்கள். பெயர்க் கட்டத்தில் 'ஒப்பந்தம்' என்று மொட்டையாக எழுதாமல் '1964 ஒப்பந்தம், இந்தியா ஏற்கும் 525,000 பேர் பற்றிய பத்தி' என்று எழுதினால் பிறகு நன்றி சொல்வீர்கள்.

இந்த இரண்டாவது வகை இணைப்பும் தலையில் நிற்கிறதா? கீழ்க்கண்ட ஒழுங்கில் பாருங்கள்.

முதலில், பக்கத்தில் அந்தச் சொற்கள் இன்னும் இருக்கின்றனவா? கன்ட்ரோல், எப் அழுத்தித் தேடுங்கள். செய்தித் தளங்கள் சொல்லாமல் திருத்தும். ஓர் எழுத்து மாறினாலும் இணைப்புக்கு அது வேறு சொல்தான்.

அடுத்து, அந்தப் பகுதி 'மேலும் வாசிக்க' போன்ற ஒரு பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா? பக்கம் திறக்கும் நேரத்தில் அங்கே இல்லாத சொற்களை உலாவியால் தேட முடியாது. அப்படிப்பட்ட தளத்தில் பொத்தானுக்கு மேலே இருக்கும் ஏதாவது ஒரு வரியைக் குறிப்பதே வழி.

கடைசியாக, இணைப்பை நீங்கள் கையால் எழுதினீர்களா? எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் வழுக்குகிறார்கள். ஒன்று, காற்புள்ளி. இந்த இணைப்பில் காற்புள்ளிக்கு 'இங்கே தொடங்கி அங்கே முடி' என்று தனிப் பொருள் உண்டு. '525,000' என்று எழுதினால் உலாவி '525' என்ற இடத்தில் தொடங்கி '000' என்ற இடம் வரை தேடப் போகும். இரண்டும் தனிச் சொற்களாக இல்லாததால் வெறுங்கையோடு திரும்பும். காற்புள்ளியை %2C என்று மாற்றி எழுத வேண்டும். மெனுவிலிருந்து எடுத்தால் இதை உலாவியே செய்துவிடும். இந்தியாவில் வெளியான நூல்களில் இதே தொகை 5,25,000 என்று அச்சாகியிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது, முழுச் சொல். கன்ட்ரோல், எப் தேடலுக்கு 'மலையக' என்று பாதிச் சொல்லைக் கொடுத்தாலும் 'மலையகத்தில்' என்பதைப் பிடித்துத் தரும். இந்த இணைப்பு அப்படி அல்ல. சொல்லின் தொடக்கமும் முடிவும் பொருந்தினால்தான் ஏற்றுக்கொள்ளும். பக்கத்தில் 'மலையகத் தமிழர்' என்று இருக்க, நீங்கள் ஒற்றை விட்டுவிட்டு 'மலையக தமிழர்' என்று எழுதினால் கிடைக்காது. பக்கத்தை எழுதியவர் ஒற்றை விட்டிருந்தால் நீங்களும் விட வேண்டும். இலக்கணம் இங்கே செல்லாது, உள்ளது உள்ளபடி.

## சரியான இடத்துக்கு வருகிறது, பிறகு நழுவிவிடுகிறது

மேலே உள்ள படங்களும் விளம்பரங்களும் தாமதமாக இறங்குவதால் எழுத்து கீழே தள்ளப்படுகிறது. மழை நாளில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும் தோட்டங்களில் இது சாதாரணம். பக்கம் முழுவதும் இறங்கும் வரை பொறுத்து, முகவரிப் பட்டையில் சொடுக்கி என்டர் அழுத்துங்கள். மீண்டும் அந்த இடத்துக்கு வரும்.

## எனக்குத் திறக்கிறது, வட்ஸ்அப்பில் அனுப்பினால் அவருக்குத் திறப்பதில்லை

இதற்குக் காரணம் தமிழ் எழுத்தின் நீளம். இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறிகளாக மாற்றப்பட்டே பயணிக்கின்றன. கணினிகள் இன்று பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறியீடான யூனிகோட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்து. 'மலையகம்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: ம, ல, ஐகாரக் குறி, ய, க, ம, புள்ளி. ஏழு குறிகள். ஏழை ஒன்பதால் பெருக்கினால் 63 எழுத்துகள். ஒரு சொல்லுக்கே இவ்வளவு என்றால், முழு வாக்கியத்தைத் தெரிவுசெய்து இணைப்பு எடுத்தால் அது எவ்வளவு நீளும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கொப்பி செய்யும்போது நுனியில் ஓர் எழுத்து விடுபட்டாலும், யாராவது இடையில் வரி உடைத்தாலும் இணைப்பு செத்துவிடும்.

ஆகவே குறைவாகத் தெரிவுசெய்யுங்கள். அந்தப் பக்கத்தில் வேறெங்கும் வராத இரண்டு சொற்கள் போதும். 'குடியுரிமை' என்ற சொல்லைக் குறித்தால் பயன் இல்லை, அந்தப் பக்கம் முழுக்க அதுதான். ஓர் ஆண்டோ, ஊர்ப் பெயரோ, தொகையோ அடங்கிய துண்டே சிறந்தது. இணைப்பை ஒட்டியதும் அதன் பின்னால் முற்றுப்புள்ளி வைக்காதீர்கள். தனி வரியில் விட்டுவிடுங்கள்.

இணைப்பு முழுதாகப் போயும் அவருக்குப் பக்கத்தின் தலைதான் திறக்கிறது என்றால், அவருடைய உலாவி பழையதாக இருக்கும், அல்லது அவர் ஏதோ ஒரு செயலியின் உள் உலாவியில் திறந்திருப்பார். அந்தச் சாளரத்தின் மெனுவில் குரோமில் திறக்கும் தெரிவு இருக்கும். அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது: இணைப்போடு அந்த வாக்கியத்தையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். அவர் தேடிக்கொள்வார். நான் யாருக்கு அனுப்பினாலும் இப்படித்தான் அனுப்புகிறேன். இணைப்பு உடைந்தாலும் வாக்கியம் உடையாது.

## சொல் கண்முன்னே இருக்கிறது, தேடினால் 'இல்லை' என்கிறது

தமிழில் வாசிக்கிறவர்களுக்கே உரிய தொல்லை இது. சொற்களைப் பிடித்து நிற்கும் குறிகள் எல்லாம் இங்கேதான் அடிபடுகின்றன. பிடிஎப்பில் ஒரு சொல்லைத் தெரிவுசெய்து, கொப்பி செய்து, நோட்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். என்ன விழுகிறது என்பதைப் பொறுத்து நோய் எதுவென்று தெரிந்துவிடும்.

எதுவுமே தெரிவாகவில்லை, அல்லது பக்கம் முழுவதும் ஒரே நீலக் கட்டமாகிறது: அது ஸ்கேன் செய்த படம். உள்ளே எழுத்து இல்லை. பழைய நூல்களும் சஞ்சிகைகளும் எண்ணிமப்படுத்தப்பட்ட களஞ்சியங்களில் பெரும்பாலும் இந்த வகையே கிடைக்கிறது. பக்க எண்ணை மட்டும் நம்பிக் குறியுங்கள். தேடியே ஆக வேண்டும் என்றால், சிறிய கோப்பாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி, வலது பொத்தானை அழுத்தி கூகுள் டொக்ஸில் திறங்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும். பெரிய நூலானால் வேண்டிய அத்தியாயத்தை மட்டும் தனியாகப் பிரித்து ஏற்றுங்கள். பிழைகள் இருக்கும். தேடுவதற்கு அது போதும், மேற்கோள் காட்டுவதற்குப் போதாது.

ஆங்கில எழுத்துகள் விழுகின்றன: பாமினி. 'தமிழ்' என்ற சொல்லை ஒட்டினால் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து நிற்கும். இலங்கையில் தமிழ்த் தட்டச்சு நெடுங்காலம் பாமினியில்தான் நடந்தது, இன்னும் பல இடங்களில் நடக்கிறது. கோப்புக்குள் இருப்பது உண்மையில் அந்த ஆங்கில எழுத்துகள்தான்; எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். எனவே நீங்கள் யூனிகோட்டில் தட்டும் 'தமிழ்' அங்கே கிடைக்காது. யூனிகோட்டிலிருந்து பாமினிக்கு மாற்றும் கருவியில் சொல்லைப் போட்டு, வரும் எழுத்துகளைத் தேடல் கட்டத்தில் ஒட்டுங்கள். அவசரத்துக்கு இன்னும் எளிய வழி, இலக்கங்களைத் தேடுவது. பாமினியில் இலக்கங்கள் இலக்கங்களாகவே இருக்கின்றன. '1964' என்று தேடினால் ஒப்பந்தம் பற்றிய இடங்கள் வந்துவிடும்.

தமிழ்தான் விழுகிறது, ஆனால் குழம்பியிருக்கிறது: இதுதான் பலரை ஏமாற்றும் வகை. திரையில் 'மலை' என்று அழகாகத் தெரியும். ஒட்டினால் 'மைல' என்று விழும். ஐகாரக் குறி கண்ணுக்கு ல எழுத்தின் இடப்பக்கம் நிற்கிறது, கணினியின் கணக்கில் அது ல எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். சில மென்பொருள்கள் பிடிஎப் உருவாக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுதிவைத்துவிடுகின்றன. எகர, ஏகாரக் குறிகளுக்கும் இதே கதி. ஒகரம், ஓகாரம் இரண்டாகப் பிளந்து முன்னும் பின்னும் நிற்கும். அந்தக் கோப்புக்குள் 'மலை' என்று தேடினால் கிடைக்காது, 'மைல' என்று தேடினால் கிடைக்கும். நம்பாவிட்டால் செய்து பாருங்கள். தட்டச்சு செய்வதைவிட, அந்தக் கோப்பிலிருந்தே சொல்லைக் கொப்பி செய்து தேடல் கட்டத்தில் ஒட்டுவதே மேல். அல்லது இந்தக் குறிகள் எதுவும் இல்லாத சொல்லாகப் பார்த்துத் தேடுங்கள்: 'சட்டம்', 'பிரிவு', 'உரிமம்' போன்றவை தப்பிக்கும்.

ஒழுங்கான தமிழ் விழுகிறது, ஆனாலும் கிடைக்கவில்லை: இப்போது எழுத்துக்கூட்டலைச் சந்தேகியுங்கள். அந்த ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். 'சிறிமா' என்று எழுதுகிறவர்கள் உண்டு, 'ஸ்ரீமா' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அந்த ஸ்ரீ எழுத்துக்கே யூனிகோட்டில் இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று ஸகரத்தில் தொடங்குவது, மற்றது பிறகு சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்குவது. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சில் ஒன்றுபோலவே தெரியும். ஆக, ஒரே ஒப்பந்தத்துக்குத் தேடலில் மூன்று பெயர்கள். மூன்றையும் தேடுங்கள், அல்லது 'சாஸ்திரி' என்று மட்டும் தேடுங்கள். ஔகாரமும் இப்படித்தான். 'கௌரவம்' என்பதை 'கெளரவம்' என்று ளகரம் போட்டுத் தட்டுகிறவர்கள் ஏராளம். கண்ணுக்குத் தெரியாது, கணினிக்குத் தெரியும்.

## பிடிஎப்பில் 35ஆம் பக்கத்தைக் கேட்டால் வேறு பக்கம் வருகிறது

நூலில் அச்சான எண் ஒன்று, கோப்பில் அந்தத் தாள் எத்தனையாவது என்பது மற்றொன்று. அட்டை, பதிப்புரை, பொருளடக்கம் எல்லாம் சேர்ந்து 12 பக்கம் என்றால், நூலின் 35ஆம் பக்கம் கோப்பில் 47ஆவது. ஏதாவது ஒரு பக்கத்தில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, கோப்பின் பெயரிலேயே 'கூட்டு 12' என்று எழுதிவிடுங்கள். ஸ்கேனில் இரண்டு நூற்பக்கங்கள் ஒரே படமாக வந்திருந்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது. அப்போது கோப்பின் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இருக்கும் பிடிஎப்பை உலாவியில் நேரே அந்தப் பக்கத்தில் திறக்க, முகவரியின் கடைசியில் # குறி, பக்கம் என்பதற்கான 'பேஜ்' என்ற சொல் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சமன் குறி, எண் ஆகியவற்றை இடைவெளி இல்லாமல் சேருங்கள். எண் கோப்பின் எண்ணாக இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 47. இதை அப்படியே புக்மார்க் செய்யலாம். கூகுள் டிரைவ் பகிர்வு இணைப்புகளில் இந்த வித்தை பலிக்காது.

சட்டங்களில் இன்னொரு சிக்கல். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் தனித்தனிக் கோப்புகள். தமிழ்ப் பிரதியின் 4ஆம் பக்கம் ஆங்கிலப் பிரதியின் 4ஆம் பக்கமாக இருக்க வேண்டியதில்லை. விரிவுரையாளர் ஆங்கிலப் பிரதியின் பக்கத்தைச் சொல்லியிருக்க, நீங்கள் தமிழ்ப் பிரதியைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். சட்டத்துக்கு எப்போதும் பிரிவு இலக்கத்தையும் உட்பிரிவையும் குறியுங்கள். அவை மூன்று மொழியிலும் ஒன்றே.

## இடப்பக்கம் 'புக்மார்க்ஸ்' பலகை இருக்கிறது, ஆனால் என் குறியைச் சேர்க்க முடியவில்லை

அடோபியின் இலவச ரீடரில் தெரியும் அந்தப் பலகை, ஆவணத்தை உருவாக்கியவர் வைத்துத் தந்த உள்ளடக்கப் பட்டியல். வாசிக்கிறவர் அதில் சேர்க்க இலவசப் பதிப்பு இடம் தராது. அதற்குப் பதிலாக வேண்டிய வரியை ஹைலைட் செய்யுங்கள், அல்லது ஒரு குறிப்பை ஒட்டுங்கள். கருத்துப் பலகையில் அவை பட்டியலாக நிற்கும். ஒன்றைச் சொடுக்கினால் அந்த இடத்துக்குப் போகலாம். இதன் பெரிய நன்மை, இவை கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. பென் டிரைவில் போட்டு வேறு கணினிக்குக் கொண்டுபோனாலும் கூடவே வரும்.

சுமாத்ரா பிடிஎப் என்ற வாசிப்பு மென்பொருளில் கன்ட்ரோல், பி அழுத்திச் சேர்க்கும் விருப்பப் பட்டியலும், லினக்ஸில் ஒக்குலரின் புக்மார்க்குகளும் அப்படி அல்ல. அவை அந்தக் கணினியில் அந்த மென்பொருளின் அமைப்புக் கோப்பில் இருக்கின்றன. பிடிஎப்பை மட்டும் நண்பருக்குக் கொடுத்தால் குறிகள் உங்களிடமே தங்கிவிடும். கோப்பின் பெயரையோ அது இருக்கும் கோப்புறையையோ மாற்றினாலும் இணைப்பு அறும். எனவே முதலில் பெயரிட்டு ஓர் இடத்தில் வைத்துவிட்டு, பிறகு குறிக்கத் தொடங்குங்கள்.

## நேற்று வாசித்து நிறுத்திய இடம் இன்று இல்லை

உலாவிக்குள் பிடிஎப் வாசிக்கிறவர்களின் முறைப்பாடு இது. நிறுத்திய இடத்தை நினைவில் வைக்கும் பொறுப்பை உலாவியிடம் கொடுக்காதீர்கள். கோப்பைத் தரவிறக்கி, அதற்கென்று உள்ள மென்பொருளில் வாசியுங்கள். சுமாத்ரா தானாகவே நினைவில் வைக்கும். அடோபி ரீடரில் பிரிபரன்ஸஸ் என்பதற்குள் டொக்யுமென்ட்ஸ் பகுதிக்குப் போய், மீண்டும் திறக்கும்போது கடைசிக் காட்சியைக் கொண்டுவரும் கட்டத்தில் சரிக் குறி இடுங்கள்.

அதைச் செய்தும் முதல் பக்கமே வந்தால், ஒருவேளை நீங்கள் திறப்பது வேறு பிரதி. வட்ஸ்அப் இணைப்பை மீண்டும் சொடுக்கித் தரவிறக்கியிருப்பீர்கள். பெயரின் பின்னால் அடைப்புக்குள் 1, 2 என்று எண் சேர்ந்திருக்கும். டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தால் ஒரே வினாத்தாளின் பல பிரதிகள் வரிசையில் நிற்பதைக் காணலாம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழியுங்கள்.

## வேர்டில் 'அட்' பொத்தான் மங்கியிருக்கிறது

இன்சர்ட், புக்மார்க் என்று போய்ப் பெயர் கொடுத்தால் பொத்தான் இயங்கவில்லை. பெயரில் இடைவெளி இருக்கிறது, அல்லது பெயர் இலக்கத்தில் தொடங்குகிறது. எழுத்தில் தொடங்க வேண்டும், இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு, அதிகபட்சம் 40 எழுத்துகள். பெயரை ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைத்தால் வம்பில்லை.

## அச்சில் 'எரர்! புக்மார்க் நொட் டிபைன்ட்' என்று விழுகிறது

ஆய்வுக் கட்டுரையை அச்சிடும் நாளில்தான் இது தலைகாட்டும். அதுவரை திரையில் எல்லாம் சரியாக இருந்திருக்கும். காரணம் விளங்கினால் பயம் போய்விடும். பொருளடக்கமும், 'அட்டவணை 3ஐப் பார்க்க' போன்ற குறுக்குச் சுட்டல்களும் உள்ளுக்குள் புக்மார்க்குகளைப் பிடித்துத்தான் நிற்கின்றன. நீங்கள் ஒரு தலைப்பை முழுவதுமாக அழித்து மீண்டும் தட்டியபோது, அதைச் சுற்றியிருந்த புக்மார்க்கும் கூடவே அழிந்தது. சுட்டல்கள் புதுப்பிக்கப்படும் வரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அச்சிடும்முன் புதுப்பிக்கும் அமைப்பு இயங்கும் கணினியில், கடையில் அச்சிடும் அந்த நிமிடத்தில், உண்மை வெளியே வரும்.

செய்ய வேண்டியவை இவை:

1. கடைக்குப் போகுமுன் உங்கள் கணினியிலேயே கன்ட்ரோல், ஏ அழுத்தி முழுவதையும் தெரிவுசெய்து, எப்9 அழுத்துங்கள். பொருளடக்கத்துக்கு முழு அட்டவணையையும் புதுப்பிக்கும் தெரிவைக் கொடுங்கள்.
2. 'எரர்' என்ற சொல்லைத் தேடுங்கள். பொருளடக்கத்தில் இருந்தால், தலைப்புகளுக்கு ஹெடிங் பாணி இருக்கிறதா என்று பார்த்து மீண்டும் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகும்.
3. பந்திக்குள் இருந்தால், அந்தச் சுட்டலை அழித்து, ரெபரன்ஸஸ் மெனுவில் குரொஸ் ரெபரன்ஸ் வழியாகப் புதிதாகச் செருகுங்கள். நீங்களே பெயர் வைத்த புக்மார்க் என்றால், அதே பெயரில் அதே இடத்தில் மீண்டும் வைத்து எப்9 அழுத்தினால் போதும்.
4. எல்லாம் சரியானதும் கோப்பை வேறு பெயரில் சேமித்து, அந்தப் பிரதியில் மட்டும் முழுவதையும் தெரிவுசெய்து கன்ட்ரோல், ஷிப்ட், எப்9 அழுத்துங்கள். சுட்டல்கள் எல்லாம் வெறும் எழுத்தாக உறைந்துவிடும். கடைக்கு இதன் பிடிஎப்பைக் கொண்டுபோங்கள். மூலக் கோப்பில் இதைச் செய்தால் பிறகு எதுவும் தானாகப் புதுப்பிக்காது.

இனி இப்படி நடக்காமல் இருக்க, பைல், ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போய்ப் புக்மார்க்குகளைக் காட்டும் கட்டத்தை இயக்குங்கள். குறித்த இடங்கள் சதுர அடைப்புக்குள் தெரியும். தலைப்பைத் திருத்தும்போது முழுவதையும் அழிக்காமல், அடைப்புக்குள் நின்று திருத்துங்கள். வெட்டி வேறு இடத்தில் ஒட்டினால் குறி கூடவே போகும். கொப்பி செய்து ஒட்டினால் குறி பழைய இடத்திலேயே நிற்கும்.

## எல்லா புக்மார்க்குகளும் போய்விட்டன

எல்லாமே ஒரே நேரத்தில் போயிருந்தால், பெரும்பாலும் எதுவும் போகவில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், ஓ அழுத்துங்கள். குரோம், பயர்பொக்ஸ் இரண்டிலும் புக்மார்க் நிர்வாகி திறக்கும். அங்கே இருக்கின்றன என்றால், மறைந்தது பட்டை மட்டுமே. கன்ட்ரோல், ஷிப்ட், பி அதைத் திரும்பக் கொண்டுவரும்.

அங்கேயும் இல்லை என்றால், மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தைப் பாருங்கள். வீட்டில் தம்பி தன் கணக்கில் உலாவியைத் திறந்துவிட்டுப் போயிருப்பான். பொதுக் கணினியில் 'கெஸ்ட்' நிலையில் குறித்தவை சாளரத்தை மூடியதும் அழிந்துவிடும். அவற்றுக்கு மீட்பு இல்லை. பொதுக் கணினியில் உங்கள் கணக்கில் நுழைந்து ஒத்திசைவை இயக்குவதும் வேண்டாம். அடுத்து வருகிறவர் உங்கள் பட்டியலில் ஒன்றை அழித்தால், வீட்டுக் கைபேசியிலும் அது அழியும். இணைப்புகளை உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள்.

உண்மையாகவே அழிந்திருந்தால் பயர்பொக்ஸ்காரர் அதிர்ஷ்டசாலி. நிர்வாகியில் 'இம்போர்ட் அன்ட் பெக்அப்', அதற்குள் 'ரீஸ்டோர்'. திகதி வாரியாக உலாவி தானே எடுத்துவைத்த பிரதிகள் அங்கே நிற்கும். இப்போதுள்ள பட்டியலை அது முழுவதுமாக மாற்றிவிடும் என்பதால், புதிதாகச் சேர்த்தவற்றை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். குரோமில் ஒரே ஒரு பழைய பிரதிதான், பயனர் கோப்புறைக்குள் 'பெக்' என்ற பின்னொட்டோடு இருக்கும். குரோமைத் திறந்து மூடத் திறந்து மூட அதன் மேல் புதியது எழுதப்படும். ஆகவே அழிந்ததைக் கண்டவுடன் குரோமை மூடி, அந்தக் கோப்பை வேறிடத்தில் கொப்பி செய்த பிறகே மற்றதெல்லாம்.

## பேஸ்புக்கில் கண்ட பதிவைக் குறித்தேன், திறந்தால் வேறு ஏதோ வருகிறது

நீங்கள் குறித்தது ஓடிக்கொண்டே இருக்கும் பக்கத்தை. பதிவின் மேலே பெயருக்குக் கீழ் இருக்கும் நேரத்தைச் சொடுக்கினால் அந்தப் பதிவு தனிப் பக்கமாகத் திறக்கும். அதைக் குறியுங்கள்.

## பக்கமே இல்லை, 404 என்கிறது

அரச இணையத்தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய கோப்புகளின் முகவரிகள் கூண்டோடு மாறுகின்றன. கோப்பு பெரும்பாலும் அதே தளத்தில் வேறு மூலையில் இருக்கும். புக்மார்க் முகவரியின் கடைசியில் உள்ள கோப்புப் பெயரை எடுத்துத் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். சட்டமானால் ஆண்டும் இலக்கமும் போதும்: '2003 35' என்பதோடு 'குடியுரிமை'.

கிடைக்காவிட்டால், இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியை ஒட்டுங்கள். ஒட்டுமுன் # குறியையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் வெட்டிவிடுங்கள். ஆண்டு வாரியாகப் பட்டையும், அதன் கீழ் நாட்காட்டியும் தோன்றும். வட்டமிட்ட திகதிகளில் பக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் முதலில் வாசித்த திகதிக்கு நெருக்கமானதைத் திறங்கள். மிக அண்மைய திகதியைத் திறந்தால் அங்கேயும் அதே 404 சேமிக்கப்பட்டிருக்கலாம்.

எந்தத் திகதியும் வட்டமிடப்படவில்லை என்றால் அந்தப் பக்கத்துக்கு இனி வழியில்லை. வேறு யாராவது தரவிறக்கி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டியதுதான். கையில் இருக்கும் மற்றப் பக்கங்களுக்கு இன்றே 'சேவ் பேஜ் நவ்' கட்டத்தில் முகவரியைக் கொடுத்துச் சேமியுங்கள். பிடிஎப்களுக்கும் அது வேலை செய்யும். சேமித்து முடிந்ததும் தரும் புதிய முகவரியை, மூல முகவரிக்குப் பக்கத்திலேயே இன்னொரு புக்மார்க்காக வைத்துக்கொள்ளுங்கள்.